ஃபீல்டு ட்ரிப்புக்குத் துணைக்குப் போகும் அப்பா அம்மாக்களுக்கு: முதல் மெயிலிலிருந்து கடைசித் தலை எண்ணும் வரை

"ஷாப்பரோனாக வர முடியுமா?", அதாவது பள்ளிச் சுற்றுலாவில் பிள்ளைகளுக்குத் துணையாக வர முடியுமா என்று டீச்சரிடமிருந்து மெயில் வந்ததும் நம் ஆட்களில் பாதிப் பேர் அதைப் பார்க்காதது மாதிரி இருந்துவிடுகிறோம். மீதிப் பேர், பிள்ளையோடு ஒரு நாள் ஊர் சுற்றின மாதிரியும் ஆச்சு, டிக்கெட் எடுக்காமல் அக்வேரியம் பார்த்த மாதிரியும் ஆச்சு என்று உடனே கையைத் தூக்கிவிடுகிறோம். நான் இரண்டாவது ரகம். கலிபோர்னியாவில், சான் ஹோசே பக்கம் இருக்கிறோம். பையனுடைய மூன்றாம் வகுப்பு மான்ட்டரே பே அக்வேரியத்துக்குப் போனபோது ஆறு பிள்ளைகளை என்னிடம் ஒப்படைத்தார்கள். அன்றைக்கு நான் மீன் பார்த்தது கொஞ்சம்தான், தலை எண்ணியதுதான் அதிகம். எண்ணியதிலும் ஒரு முறை கோட்டை விட்டேன், அந்தக் கதை பின்னால் வருகிறது.

இங்கே சொல்வதெல்லாம் கலிபோர்னியா அரசுப் பள்ளிகளை வைத்துத்தான். வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் சட்டம், படிவம் சம்பந்தப்பட்டதை உங்கள் பள்ளி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மற்றது எல்லா ஊருக்கும் பொருந்தும்.

முதலில் பேப்பர் வேலை, அதைப் பள்ளி திறக்கும் ஆகஸ்டிலேயே முடியுங்கள்

பயணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது படிவத்தைத் தேடினால் பெரும்பாலும் நடக்காது. ஒவ்வொரு பள்ளி மாவட்டத்துக்கும் ஒரு விதி. சில இடங்களில் ஓட்டுநர் உரிமத்தைக் காட்டினால் போதும், பாலியல் குற்றவாளிகள் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று அலுவலகத்திலேயே சரிபார்த்துவிடுவார்கள். சில இடங்களில் லைவ் ஸ்கேன் என்கிற கைரேகைப் பதிவு வேண்டும். அது மாநில நீதித்துறைக்குப் போய்த் திரும்பி வர சில நாளும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம்.

நம் ஆட்கள் மாட்டிக்கொள்ளும் இடம் டிபி. காசநோய் அபாயம் பற்றி ஒரு கேள்வித்தாள் தருவார்கள், அதில் டிபி அதிகமுள்ள நாட்டில் பிறந்தவரா, வாழ்ந்தவரா என்று ஒரு கேள்வி இருக்கும். இந்தியாவிலோ இலங்கையிலோ பிறந்து வளர்ந்தவர்கள் "ஆமாம்" போட வேண்டியதுதான், போட்டதும் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அங்கே தோலில் ஊசி குத்தும் சோதனைக்கு அவசரப்பட்டுக் கையை நீட்டாதீர்கள். நமக்குச் சின்ன வயதில் பிசிஜி தடுப்பூசி போட்டிருப்பார்கள் (இடது தோளில் அந்தத் தழும்பு இருக்கிறதல்லவா, அதுதான்), அதனால் டிபி இல்லாமலேயே தோல் சோதனை வீங்கி "பாசிட்டிவ்" காட்டலாம், அப்புறம் நெஞ்சு எக்ஸ்ரே அது இது என்று அலைய வேண்டும். போதாததற்கு 48 முதல் 72 மணி நேரத்துக்குள் திரும்பப் போய் வீக்கத்தைக் காட்ட வேண்டும். ரத்தப் பரிசோதனையே செய்யுங்கள் என்று டாக்டரிடம் கேளுங்கள், பிசிஜி அதைக் குழப்பாது, ஒரே தடவை போனால் போதும். அந்தச் சான்றிதழ் பொதுவாக 4 வருடம் செல்லும். எடுத்து ஃபைலில் வைத்தால் பிள்ளை தொடக்கப் பள்ளி முடிக்கும் வரை பெரும்பாலும் கவலை இல்லை.

அலுவலகத்தில் லீவு

மேனேஜரிடம் தயங்கித் தயங்கிக் கேட்க வேண்டிய அவசியமில்லை. கலிபோர்னியா தொழிலாளர் சட்டத்தில் 230.8 என்று ஒரு பிரிவு இருக்கிறது: ஒரே இடத்தில் 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனமென்றால், பிள்ளையின் பள்ளி நிகழ்ச்சிகளுக்காக வருடத்துக்கு 40 மணி நேரம் வரை, மாதத்துக்கு 8 மணி நேரத்துக்கு மிகாமல், விடுப்பு எடுத்துக்கொள்ள பெற்றோருக்கு உரிமை உண்டு. முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். சம்பளத்தோடு கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம், பெரும்பாலும் உங்கள் விடுப்புக் கணக்கிலிருந்துதான் கழிப்பார்கள்.

லீவே போட்டுவிட்டு, போன இடத்தில் மீட்டிங்கில் சேர்வது இன்னொரு கூத்து. காதில் இயர்பட்ஸ் மாட்டிக்கொண்டு, மியூட்டில் போட்டு, பென்குயின் தொட்டி முன்னால் நின்று தலையாட்டிக்கொண்டிருந்த ஓர் அப்பாவை நானே பார்த்தேன். அவர் குழுவையும் சேர்த்துக் கவனித்தது பக்கத்துக் குழு அம்மா. வர முடியாதென்றால் வர முடியாது என்று சொல்லிவிடலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், பெயர் கொடுத்தவர்கள் அதிகமாக இருந்தால் எப்படியும் குலுக்கிப் போட்டுத்தான் எடுக்கிறார்கள்.

டீச்சரிடம் முன்பே கேட்டு வைக்க வேண்டியவை

என் குழுவில் யார் யார், யாருக்கு என்ன அலர்ஜி, இன்ஹேலரும் எபிபென்னும் (கடும் அலர்ஜிக்குப் போடும் அவசர ஊசி) யார் கையில் இருக்கும், டீச்சருடைய செல் நம்பர் எது, நான் பஸ்ஸிலா வருகிறேன் இல்லை என் காரிலா, கிஃப்ட் ஷாப்புக்குள் போகலாமா கூடாதா. இந்த ஆறுக்கும் பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

கார் என்றால் தனிக் கதை. மற்ற பிள்ளைகளை ஏற்றுவதாக இருந்தால் உரிமம், இன்சூரன்ஸ் நகல் கேட்பார்கள், எவ்வளவு காப்பீடு இருக்க வேண்டும் என்பதையும் அவர்கள்தான் சொல்வார்கள். 8 வயதுக்குக் கீழே இருந்து 4 அடி 9 அங்குலத்தையும் தொடாத பிள்ளை என்றால் பின்சீட்டில், கார் சீட்டிலோ பூஸ்டர் சீட்டிலோதான் உட்கார வேண்டும், அதுதான் சட்டம். "பக்கத்தில்தானே போறோம்" என்பது இங்கே எடுபடாது. என்னைக் கேட்டால் பஸ்ஸில் போவதே நிம்மதி.

சின்னத் தம்பி, தங்கையைக் கூட்டிக்கொண்டு வரலாமா என்று கேட்டுப் பார்க்காதீர்கள். பெரும்பாலும் கூடாது என்பார்கள், காரணமும் சரியானதுதான்: மூன்று வயதுக் குழந்தை அழுதால் உங்கள் கண் அங்கேதான் போகும், ஆறு பிள்ளைகள் பக்கம் போகாது.

இன்னொன்று, பேச்சுவாக்கில் கூட யார் பணம் கட்டினார்கள், யார் கட்டவில்லை என்று எடுக்காதீர்கள். பணம் இல்லாத காரணத்துக்காக ஒரு பிள்ளையை ஃபீல்டு ட்ரிப்பிலிருந்து ஒதுக்கக் கூடாது என்று கலிபோர்னியா கல்விச் சட்டத்திலேயே இருக்கிறது. கட்டாமல் வருகிற பிள்ளை உங்கள் குழுவிலேயே இருக்கலாம்.

முந்தின ராத்திரி

முதுகுப் பை ஒன்று, இரண்டு கையும் சும்மா இருக்க வேண்டும். உள்ளே தண்ணீர், ஈரத் துடைப்பான், டிஷ்யூ, பேண்ட்எய்ட், பவர் பேங்க், பேனா, குழுப் பட்டியல் காகிதத்தில் (போன் சார்ஜ் போய்விட்டால் காகிதம்தான் பேசும்), அப்புறம் பெரிய ஜிப் பை நான்கைந்து. இந்தக் கடைசி அயிட்டம் வாந்திக்கு. 101 நெடுஞ்சாலையில் சான் ஹோசேயிலிருந்து மான்ட்டரே போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆகும், மஞ்சள் பஸ்ஸின் ஆட்டத்தில் ஒரு பிள்ளையாவது முகம் வெளிறி உட்கார்ந்திருக்கும். அந்தப் பிள்ளையை முன்சீட்டுக்கு மாற்றி, பையைக் கையில் கொடுத்துவிட்டு, தூரத்தில் தெரிவதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு ஜாக்கெட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலையில் கூட மான்ட்டரேயில் மூடுபனியும் குளிர்காற்றுமாக இருக்கும், கலிபோர்னியா என்றால் வெயில் என்று நம்பி அரைக்கால் சட்டையோடு வந்தவர்கள் நடுங்கிக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம்.

மருந்து எதுவும் வேண்டாம். தலைவலி என்று ஒரு பிள்ளை சொன்னால் டைலனால் கொடுக்கத் தோன்றும், வயிற்றுவலி என்றால் ஓமத் தண்ணீர் ஞாபகம் வரும். நம் கை அப்படிப் பழகியது. நம் பிள்ளை அல்லாத பிள்ளைக்கு ஒரு இருமல் மிட்டாய் கூடக் கொடுக்கக் கூடாது, டீச்சரைக் கூப்பிட வேண்டும், அதோடு நம் வேலை முடிந்தது.

சாப்பாடு. இதில் நான் அசடு வழிந்தேன். காலையில் வீட்டில் கிளறின புளியோதரையை ஆசையாக டப்பாவில் கட்டிக்கொண்டு போனேன், பஸ்ஸில் ஏறிப் பட்டியலைப் பார்த்தால் என் குழுவிலேயே ஒரு பையனுக்கு நிலக்கடலை ஆகாது. புளியோதரையில் கைப்பிடி நிலக்கடலை. டப்பாவைத் திறக்காமல் பைக்குள்ளேயே போட்டு வைத்துவிட்டு, மதியம் அங்கே இருந்த காபியையும் ஒரு வாழைப்பழத்தையும் வைத்து ஓட்டினேன். பட்டியலை முந்தின ராத்திரியே வாங்கியிருந்தால் தயிர்சாதம் கட்டியிருப்பேன். எள்ளையும் கவனியுங்கள்: 2023 ஜனவரியிலிருந்து அமெரிக்காவில் எள்ளும் முக்கிய அலர்ஜிப் பொருள்களில் ஒன்பதாவதாகச் சேர்ந்துவிட்டது, நம் இட்லிப் பொடியிலும் நல்லெண்ணெயிலும் இருப்பது அதுதான்.

கடைசியாக, உங்கள் பிள்ளையோடு ஐந்து நிமிடம் பேசுங்கள். நாளைக்கு நான் உனக்கு மட்டும் அப்பா இல்லை, ஆறு பேருக்கும் ஆள், உன் கையை மட்டும் பிடித்துக்கொண்டு நடக்க முடியாது, உனக்கு மட்டும் ஐஸ்கிரீம் வாங்க முடியாது என்று இப்போதே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் போனால் அங்கே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும். சொல்லிப் போனாலும் கொஞ்சம் தூக்கும்தான்.

காலையில்

பள்ளி அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு பேட்ஜ் ஒட்டிக்கொண்டதும், உங்கள் குழுவை ஓரமாகக் கூப்பிட்டுப் பெயர் கேளுங்கள். எப்படி உச்சரிப்பது என்றும் கேளுங்கள், நம் பெயரை இங்கே எப்படிக் கடித்துக் குதறுகிறார்கள் என்று நமக்கே தெரியும். உங்கள் பெயரை யாரும் கேட்க மாட்டார்கள், அன்று முழுக்க நீங்கள் "இன்னாருடைய அப்பா" தான்.

விதி மூன்று போதும். ஜோடி ஜோடியாக நடக்க வேண்டும். என்னைத் தாண்டி முன்னால் போகக் கூடாது. தொலைந்துவிட்டோம் என்று தோன்றினால் தேடி ஓடாமல் நின்ற இடத்திலேயே நின்று, அங்கே வேலை செய்பவர் யாரிடமாவது சொல்ல வேண்டும். மூன்றாவதை அவர்கள் வாயாலேயே திருப்பிச் சொல்ல வையுங்கள்.

அப்புறம் ஆளுக்கு ஒரு எண் கொடுத்து, நான் "எண்!" என்றதும் ஒன்றிலிருந்து ஆறு வரை அவர்களே சொல்ல வேண்டும் என்று பழக்கினேன். விளையாட்டு மாதிரி இருந்ததால் பிடித்துப்போயிற்று. டீச்சர் சரி என்றால் குழுவைக் காலையில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், யார் என்ன நிற ஜாக்கெட் என்பது பதற்றத்தில் ஒருத்தருக்கும் ஞாபகம் வராது. சாயங்காலம் அதை அழித்துவிடுங்கள்.

உள்ளே போனதும்: எண்ணுங்கள், எண்ணுங்கள்

எப்போது எண்ணுவது? ஒவ்வொரு வாசலிலும். பஸ்ஸிலிருந்து இறங்கியதும், டிக்கெட் வாசல் தாண்டியதும், மாடிப்படிக்கு முன்னும் பின்னும், பாத்ரூமிலிருந்து வந்ததும், இருட்டான கூடத்துக்குள் நுழையும் முன்னும் வெளியே வந்ததும், சாப்பாட்டுக்குப் பிறகு, பஸ் ஏறியதும். அதிகமாகத் தெரிகிறதா? ஒரு தடவை எண்ண நாலு செகண்ட்தான்.

சரி, நான் கோட்டை விட்ட கதை. மான்ட்டரே அக்வேரியம் 1984-இல் திறந்தது, கேனரி ரோவில் பழைய சார்டின் மீன் டப்பாத் தொழிற்சாலை இருந்த இடம். அதில் கெல்ப் காடு என்று 28 அடி உயரத் தொட்டி ஒன்று. மேலேயிருந்து வெயில் இறங்கும், கடற்பாசி மரம் மரமாக ஆடும், நடுவில் சிறுத்தைச் சுறா சாவகாசமாகத் திரும்பும். பெரியவர்களே வாயைப் பிளந்து நிற்கும் இடம். அன்றைக்கு வகுப்பு முழுக்க ஒரே ஆரஞ்சு டீ-ஷர்ட். கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்த முதுகுகளை எண்ணினேன், ஆறு. அந்த ஒரு தடவை குரல் கொடுக்கச் சொல்லவில்லை, சோம்பல். மாடி ஏறிய பிறகு ஆறில் ஒரு முகம் திரும்பியது, அது என் குழுப் பையன் இல்லை. "நீ எந்தக் குழு?" என்றால், "உங்க குழு ஜாலியா இருந்துச்சு" என்கிறான், கொஞ்சமும் அலட்டிக்கொள்ளாமல். அப்படியானால் என் ஆள் எங்கே? வயிற்றில் ஏதோ கரைந்தது. டீச்சருக்கு போன் அடித்தேன், இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது: என் குழுப் பெண் ஒருத்தி கடல்நீர்நாய் தொட்டி முன்னால், வேறொரு அம்மாவின் குழுவில் நின்றுகொண்டிருந்தாள். அந்த அம்மாவும் எண்ணியிருக்கிறார், அவருக்கும் கணக்கு சரியாகவே வந்திருக்கிறது.

அதிலிருந்து முதுகை எண்ணுவதில்லை, முகத்தைப் பார்த்துப் பெயர் சொல்லித்தான் எண்ணுவேன்.

ஆள் நிஜமாகவே காணோம் என்றால் செய்ய வேண்டியது இது. மீதி ஐந்து பேரையும் சுவர் ஓரமாக நிறுத்துங்கள், அவர்களை விட்டுவிட்டுத் தேட ஓடாதீர்கள், ஓடினால் ஆறு பேரும் காணாமல் போவார்கள். கடைசியாக எங்கே பார்த்தோம் என்று பிள்ளைகளிடமே கேளுங்கள், அவர்களுக்குப் பெரும்பாலும் தெரியும். உடனே டீச்சருக்கு போன், பக்கத்தில் இருக்கும் ஊழியரிடம் பெயர், உயரம், உடை. "ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுச் சொல்லலாம், மானம் போகும்" என்ற நினைப்பு வரும், எனக்கும் வந்தது. அதைக் கேட்காதீர்கள்.

சுற்றிக் காட்டுவது பற்றிச் சின்னதாக ஒன்று: கைடு வேலை பார்க்காதீர்கள். பலகையில் எழுதியிருப்பதை வாசித்துக் காட்ட நம்மில் பலருக்குக் கை துறுதுறுக்கும், கடைசியில் ஒரு டெஸ்ட் வைக்காத குறைதான். ஜெல்லிமீன் முன்னால் பத்து நிமிடம் நிற்க ஆசைப்பட்டால் நிற்கட்டும். தொட்டுப் பார்க்கும் குளத்தில் மட்டும் பக்கத்திலேயே நில்லுங்கள்: கையை நனைத்துக்கொண்டு, இரண்டு விரலால், மெதுவாக. பிடித்துத் தூக்கக் கூடாது.

பாத்ரூம்

இதை யாரும் தெளிவாகச் சொல்வதில்லை, அதனால் நீட்டியே சொல்கிறேன். பாத்ரூம் போக வேண்டும் என்று ஒரு பிள்ளை சொன்னால் குழு முழுக்கப் போகிறது. இரண்டு இரண்டு பேராக உள்ளே அனுப்பிவிட்டு நீங்கள் வாசலில் நில்லுங்கள், மற்ற நாலு பேரும் உங்கள் கண் முன்னால். உங்கள் பிள்ளையைத் தவிர வேறு எந்தப் பிள்ளையோடும் மூடிய கதவுக்குள் தனியாக இருக்காதீர்கள், ஒரு நிமிடம் கூட. நல்லெண்ணத்தில் செய்தாலும் பார்ப்பவருக்கு அது தெரியாது, இந்த விதி பிள்ளையையும் காப்பாற்றும், உங்களையும் காப்பாற்றும். அப்பாக்களே, குழுவில் பெண் பிள்ளைகள் இருந்தால் காலையிலேயே ஓர் அம்மாவிடம் பேசி வையுங்கள், பாத்ரூம் நேரத்தில் இரண்டு குழுவும் சேர்ந்தே போகலாம். ஜிப் மாட்டிக்கொண்டது, உடை நனைந்துவிட்டது என்றால் டீச்சர்.

அடம் பிடித்தால்

ஒரு பையன் சொன்ன பேச்சு கேட்கமாட்டான், அது எழுதப்படாத சட்டம். நம் ஊரில் பக்கத்து வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் காதைத் திருகலாம், "உங்க அம்மாகிட்ட சொல்லவா" என்று மிரட்டலாம். இங்கே கை வைக்கவே கூடாது, தோளைப் பிடித்து இழுப்பது கூட. எல்லார் முன்னாலும் திட்டவும் வேண்டாம். குனிந்து, கண்ணைப் பார்த்து, என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் சொல்லுங்கள்: "என் பக்கத்தில் நட." ஓடாதே, குதிக்காதே, கத்தாதே என்று ஏழு "தே" போட்டால் ஒன்றும் ஏறாது. அவனுக்கே ஒரு வேலை கொடுப்பது இன்னும் பலன் தரும். எண் கேட்கும் பொறுப்பை என் குழுவின் வாலிடம் கொடுத்தேன், என்னைவிடக் கறாராக நடத்தினான். இரண்டு தடவைக்கு மேல் போனால் டீச்சரிடம் அனுப்புங்கள்.

இடையில் உங்கள் பிள்ளையிடம் மட்டும் தமிழில் ரகசியமாகக் கடிந்துகொள்வதைக் குறையுங்கள். மற்ற ஐந்து பேரும் தங்களைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நினைப்பார்கள்.

சாப்பாடு, கடை, போட்டோ

டப்பாக்களை மாற்றிக்கொள்ளக் கூடாது, எவ்வளவு கெஞ்சினாலும். கடையில் உங்கள் காசில் யாருக்கும் எதுவும் வாங்காதீர்கள், ஒருவனுக்கு வாங்கினால் மற்றவன் கேட்பான், ஆறு பேருக்கும் வாங்கினால் பக்கத்துக் குழு கேட்கும். மற்ற பிள்ளைகள் இருக்கும் போட்டோவை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலோ இன்ஸ்டாகிராமிலோ போடாதீர்கள், பிள்ளை படம் எங்கும் வரக்கூடாது என்று பள்ளியில் எழுதிக்கொடுத்த பெற்றோர் இருப்பார்கள், அது யார் என்று உங்களுக்குத் தெரியாது. நல்ல படம் வந்தால் டீச்சருக்கு அனுப்புங்கள், அவர் பார்த்துக்கொள்வார்.

விழுந்து முட்டி சிராய்த்தாலும் டீச்சரிடம் சொல்லுங்கள். அந்தப் பிள்ளையின் அம்மா உங்களுக்கு நல்ல பழக்கம் என்பதால் நீங்களே போன் போட்டுச் சொல்லிவிடாதீர்கள், பள்ளியிலிருந்து போவதுதான் முறை.

திரும்பி வரும்போது

பஸ் ஏறியதும் பெயர் சொல்லி எண்ணுங்கள். டீச்சரும் எண்ணுவார், இருந்தாலும் நீங்கள் எண்ணுங்கள். இறங்கும்போது சீட்டுக்குக் கீழே குனிந்து பாருங்கள், ஒரு ஜாக்கெட், ஒரு தண்ணீர் பாட்டில் நிச்சயம் கிடக்கும். வழியில் காஸ்ட்ரோவில் என்கிற ஊரைத் தாண்டுவதற்குள் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள், அப்போது நீங்களும் கண்ணை மூடலாம்.

பள்ளிக்கு வந்ததும் உங்கள் பிள்ளையை அப்படியே காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள், அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுத்தான் கூட்டிப்போக வேண்டும். நாளில் நடந்ததில் டீச்சருக்குத் தெரிய வேண்டியதை, ஒரு பிள்ளை சாப்பிடவே இல்லை, ஒருத்தி அழுதாள் என்பது போன்றவற்றை, போகும் முன் சொல்லிவிடுங்கள். குழுப் பட்டியல் காகிதத்தை அவரிடமே திருப்பிக் கொடுங்கள், அதில் ஆறு பிள்ளைகளின் உடல்நிலை விவரம் இருக்கிறது, உங்கள் கார் கதவு இடுக்கில் கிடக்க வேண்டிய காகிதம் இல்லை அது.

புளியோதரையை அன்று ராத்திரி ஏழரை மணிக்கு வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டேன். காலையில் கிளறினதைவிட நன்றாக ஊறியிருந்தது.